வாய்ச்சொல் செல்லாத மருத்துவமனை

செல்போன் சட்டைப் பையைக் கீழே இழுக்கும் கனத்தில் இருந்த காலம் அது. தையல்காரருக்கும் அந்தக் கருவிக்கும் இருந்த உறவெல்லாம் பையோடு சரி. பை கிழிந்துபோய் ஆட்கள் வருவார்கள். உள்ளே இன்னொரு துணி வைத்து இரட்டைத் தையல் போட்டுக் கொடுப்பார். போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்ததுகூடக் கிடையாது. அப்படிப்பட்ட மனுஷர் தன் மனைவியின் உயிரை அதற்குள்ளே தேட வேண்டி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால், உதட்டில் கவ்வியிருந்த ஊசியை எடுத்து வைத்துவிட்டுச் சிரித்திருப்பார்.

ஒரு நாள் காலையில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மதியத்துக்குள் நிமிர முடியவில்லை. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். டாக்டர் வலது அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். அழுத்தியபோது பொறுத்துக்கொண்டவள், அவர் கையை எடுத்ததும் துடித்துவிட்டாள். குடல்வால் வீங்கிப் பழுத்திருக்கிறது, வெடித்தால் சீழ் வயிறு முழுக்கப் பரவிவிடும், அதற்கு முன்னால் அறுத்து எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் விறுவிறுவென்று சொன்னார். சொல்லும்போதே கைகளைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். நல்ல டாக்டர்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"சம்மதம் டாக்டர், உடனே பண்ணுங்க" என்றார் தையல்காரர்.

டாக்டர் குழாயை மூடிவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தார். "என்கிட்டச் சொல்லாதீங்க. நீங்க சொன்னது என் காதுல விழல. செய்தியா அனுப்புங்க. அது வந்தாத்தான் நான் கத்தியைத் தொட முடியும்."

"நான்தான் நேர்ல நிக்கிறேனே டாக்டர்."

"நேர்ல நிக்கிறது செல்லாதுங்க" என்று சொல்லிவிட்டு, சுவரில் இருந்த பலகையைக் காட்டினார்.

பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'இது வாய்மொழி ஒழிக்கப்பட்ட மருத்துவமனை. சம்மதம், சந்தேகம், புகார், துக்கம் யாவும் குறுஞ்செய்தி மூலம் மட்டுமே. இப்படிக்கு, இயக்குநர்.' அதன் கீழே இயக்குநரின் படம். காதில் ஒரு போன், கையில் ஒரு போன்.

தள்ளுவண்டியில் படுத்திருந்த மனைவி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். "நீ பேசாதம்மா, பேசினா வலிக்கும். நான் பார்த்துக்கறேன்" என்று அவளை அடக்கிவிட்டு ஓடினார்.

அவருக்குத் தெரிந்து போன் வைத்திருந்தது ஒரே ஆள்தான். மனைவியின் தம்பி. வீடுகளுக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடிக்கிறவன். ஊரே அவனைப் பெயிண்டர் என்றுதான் கூப்பிடும். யாரோ பழசாக விற்றதை வாங்கி, இடுப்பில் ஒரு உறை போட்டு மாட்டியிருந்தான். மருத்துவமனைக்கு எதிர்க்கடையில் இருந்த தொலைபேசியிலிருந்து ஆள்விட்டுக் கூப்பிட்டதும், பாதிச் சுவரை அப்படியே விட்டுவிட்டு, முழங்கைவரை நீலச் சாயத்தோடு வந்து நின்றான். அக்காவை எட்டிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

இரண்டு பேருமாக உடனடித் தகவல் பிரிவுக்குப் போனார்கள். அங்கே இருந்த செய்தி அதிகாரியின் வலது கட்டைவிரலில் பெரிய கட்டுப் போட்டிருந்தது. நாளெல்லாம் பொத்தான் அமுக்கி வந்த காயம் அது. பணியில் ஏற்பட்ட காயம் என்று இயக்குநரே பாராட்டி ஒரு பதக்கம் கொடுத்திருந்தார். அதைச் சட்டையில் குத்தியிருந்தார். பெயிண்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, இடது கட்டைவிரலால் மெல்ல மெல்ல அமுக்கினார்.

"வரவேற்புச் செய்தி அனுப்பியாச்சு. அது வந்தாத்தான் நோயாளி வந்ததா அர்த்தம். நாங்க அனுப்பற எதையும் அழிக்கக் கூடாது. அழிச்சா பதிவு ரத்து. வாசல்ல பரிசோதிப்பாங்க" என்றார்.

"இங்க சிக்னலே இல்லையே சார்" என்றான் பெயிண்டர் போனைத் தூக்கிப் பார்த்து.

"கட்டடத்துக்குள்ள எங்கேயும் கிடைக்காது. சுவர் அவ்வளவு கனம். வெளிய வட்டம் போட்டிருக்கோம், அங்க போங்க."

வண்டி நிறுத்தும் இடத்தின் மூலையில், தரையில் வெள்ளைச் சாயத்தால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். ஒரு வண்டிச் சக்கரம் அளவுதான் இருக்கும். அதற்குள் ஏழெட்டுப் பேர் ஒட்டிக்கொண்டு நின்று, வலது கையை வானத்தை நோக்கி நீட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு போன். யாரும் பேசவில்லை. பக்கத்தில் ஒரு காவலர், யாருடைய காலாவது கோட்டுக்கு வெளியே வந்தால் பிரம்பால் தட்டி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு போன் கிணுகிணுத்ததும் எல்லாரும் தங்கள் கையைக் கீழே இறக்கிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் மட்டும் இறக்கவில்லை. அவருக்குக் கண் தெரியவில்லை, யாராவது படித்துச் சொல்லட்டும் என்று நீட்டியபடியே நின்றார். வட்டத்துக்குள் ஒருவர் செய்தியை இன்னொருவர் படிக்கக் கூடாது என்று காவலர் சொல்லிவிட்டாராம்.

பெயிண்டர் உள்ளே நுழைந்து கையை நீட்டினான். சிக்னல் வந்தது. திரையின் மூலையில் ஒரு சின்னக் கடித உறைப் படம் விட்டு விட்டு மின்னியது. செய்தி வரவில்லை.

"என்ன மாப்ளே, வந்துச்சா?"

"வந்திருக்கு மாமா. உள்ள வர இடமில்ல." அவன் குரல் இறங்கிவிட்டது. "பத்துச் செய்திக்கு மேல இது கொள்ளாது. பத்தும் நிறைஞ்சிருக்கு."

"ஒண்ணை அழிச்சிடேன்."

பெயிண்டர் போனைப் பார்த்தபடியே நின்றான். சாயம் காய்ந்த விரல் பொத்தானின் மேல் இருந்தது, அமுக்கவில்லை. தலை நிமிராமல் தணிந்த குரலில் சொன்னான், அப்போதுதான் தையல்காரருக்கு விஷயம் புரிந்தது. பத்தும் ஒரு பெண் அனுப்பியவை. அவள் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கப் போன இடத்தில் ஆரம்பித்தது. இப்போது அவள் வேறொருவனைக் கட்டிக்கொண்டு வேறு நாட்டில் இருக்கிறாள். வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. புதுச் செய்தி எதுவும் வராமல் போனாலும் பரவாயில்லை என்று இந்தப் பத்தையும் இத்தனை காலம் காத்து வைத்திருக்கிறான்.

உள்ளே ஒரு உயிர் துடித்துக்கொண்டிருக்கிறது, தையல்காரர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெயிண்டர் கீழிருந்து முதல் செய்தியை ஒரு தடவை படித்தான். அப்புறம் பொத்தானை அமுக்கினான். 'அழிக்கவா?' என்று போன் கேட்டது. இடதுபக்கப் பொத்தானை அமுக்கினான். கிணுகிணு என்று உடனே வரவேற்புச் செய்தி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

உறை மறுபடி மின்னியது. நோயாளி எண் வந்திருக்கிறது. இன்னொன்றை அழித்தான். உறை மறுபடி மின்னியது. அது இயக்குநரின் ஆறுதல் செய்தி: 'கவலை வேண்டாம், நான் இருக்கிறேன்.' அதற்கும் ஒன்று போயிற்று. நான்காவதாக வந்ததுதான் சம்மதக் கேள்வி.

தையல்காரர் அப்பாடா என்று மூச்சு விட்டார். அது கொஞ்சம் அவசரம்தான். பதில் எப்படி எழுத வேண்டும் என்று அதிலேயே போட்டிருந்தது. வெறுமனே சம்மதம் என்று அனுப்பினால் செல்லாது. இயக்குநரின் பதவி, பட்டங்கள், நோயாளியின் எண், உறவுமுறை, அதற்குப் பிறகுதான் சம்மதம். பெயிண்டர் எழுத ஆரம்பித்தான். அந்தப் போனில் தமிழ் கிடையாது. ஆங்கில எழுத்தைக் கூட்டித்தான் தமிழை உண்டாக்க வேண்டும். ஒரு எழுத்துக்கு ஒரே பொத்தானை மூன்று தடவை, சிலதுக்கு நான்கு தடவை அமுக்க வேண்டும். கொஞ்சம் வேகமாக அமுக்கினால் வேண்டிய எழுத்தைத் தாண்டிப் போய்விடும், கொஞ்சம் தாமதித்தால் வேறு எழுத்து விழும். சுவரை ஒரு மூச்சில் அடித்து முடிக்கிற கை, இங்கே ஒவ்வொரு எழுத்திலும் நின்று நின்று போயிற்று.

தையல்காரர் வட்டத்துக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை போகும்போதும் அவள் இன்னும் சுருண்டிருந்தாள். நெற்றியில் கை வைத்தால் கொதித்தது. "முடிஞ்சிடுச்சும்மா, இதோ அனுப்பறான்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினார். அவளுடைய உதடு அசைந்ததை அவர் நின்று கேட்கவில்லை.

இயக்குநரின் பட்டங்கள் முடிந்து உறவுமுறைக்கு வந்திருந்தபோது போன் அலறியது. கூப்பிட்டது, பெயிண்டர் பாதியில் விட்டு வந்த சுவரின் வீட்டுக்காரர். மாடிச் சுவருக்கு இளம் பச்சையா, மஞ்சளா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லையாம், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாராம். பெயிண்டர் சட்டென்று துண்டித்தான். திரையைப் பார்த்தான். எழுதியது எதுவுமே இல்லை. அழைப்பு வந்தால் எழுதிக்கொண்டிருப்பதை விழுங்கிவிடும் ஜாதி அது.

பெயிண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கன்னத்தில் நீலம் அப்பிக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்தத் தடவை தையல்காரர் பக்கத்திலேயே நின்று, போனை யாரும் கூப்பிடக் கூடாது என்று தனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டார். கடைசி எழுத்து விழுந்தது. அனுப்பியாயிற்று என்று திரையில் வந்தது. இரண்டு பேரும் உள்ளே ஓடினார்கள்.

தள்ளுவண்டி அதே இடத்தில் இருந்தது. அறுவை அறையின் கதவு மூடியிருந்தது. டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு, எதையும் தொடாமல் இரண்டு கைகளையும் தூக்கியபடி வாசலில் நின்றார்.

"சம்மதம் அனுப்பிட்டோம் டாக்டர்."

"எனக்குத் தகவல் பிரிவுல இருந்து வரணுங்க. வரல. சீக்கிரம் பாருங்க, நாடி ஓடற விதம் எனக்குப் பிடிக்கலை" என்றார். அவர் குரலில் பயம் இருந்தது. பயந்த டாக்டரை அன்றைக்குத்தான் தையல்காரர் முதல்முதலாகப் பார்த்தார்.

செய்தி அதிகாரியின் அறையில், மேஜைக்கு மேலே கண்ணாடிப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் சிவப்பு வெல்வெட்டின் மேல் மருத்துவமனையின் போன். கீழ்த்தளத்திலேயே அந்த ஜன்னலோரத்திலிருந்து அறுவை அறை வரைக்கும் மட்டும்தான் தனியாகக் கம்பி இழுத்துச் சிக்னல் கொடுத்திருந்தார்கள். ஊரிலுள்ள சம்மதமெல்லாம் அந்த ஒரு போனுக்குத்தான் வர வேண்டும். அதிகாரி பெட்டியைத் திறந்து வைத்து, மெல்லிய துணியால் போனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வரலையே" என்றார்.

தையல்காரர் எட்டிப் பார்த்தார். திரையின் மூலையில் அதே சின்ன உறை விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"சார், இதுவும் நிறைஞ்சிருக்கு சார்."

"ஆமா, நேத்தே நிறைஞ்சிடுச்சு" என்றார் அதிகாரி சாவகாசமாக. "எல்லாம் இயக்குநர் ஐயா தினமும் காலையில பணியாளர்களுக்கு அனுப்பற வாழ்த்து. விடியற்காலை வணக்கம், நல்ல எண்ணங்கள், அந்த மாதிரி. அதை அழிக்கற அதிகாரம் எனக்கு இல்ல."

"யாருக்கு இருக்கு?"

"ஐயாவுக்குத்தான். அனுமதி கேட்டு முறைப்படி செய்தி அனுப்பியிருக்கேன். அனுமதி கொடுத்திருப்பார், தங்கமான மனுஷர். ஆனா அந்தப் பதில் இந்தப் போனுக்குத்தான் வரணும். உள்ள வர இடமில்ல."

இயக்குநர் எங்கே இருக்கிறார் என்று பெயிண்டர் கேட்டான். மேல் மாடியில்தான் என்றார் அதிகாரி. அப்படியானால் ஏறிப் போய்க் கேட்கலாமே என்றான். அதிகாரி அவனைத் தகாத வார்த்தை பேசியவனைப் போலப் பார்த்தார். நேரில் போய்க் கேட்டால் அது வாய்மொழி ஆகிவிடும். அதை ஒழிக்கத்தானே இத்தனை பாடும் என்றார். "இன்னொண்ணு கவனிச்சீங்களா? நேத்துல இருந்து ஒரு புகார்கூட வரல. தொடங்கின நாள்ல இருந்து இதுதான் முதல் தடவை. ஐயாவுக்கு ரொம்பச் சந்தோஷம்" என்றும் சொன்னார்.

நடைவழியிலிருந்து ஒரு முனகல் கேட்டது. தையல்காரருக்கு அந்தக் குரல் தெரியும். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி முனகி அவர் கேட்டதில்லை. விரலில் மிஷின் ஊசி இறங்கினபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டவள். அவர் ஜென்மத்தில் ஒருத்தர் பொருளைக் கேட்காமல் தொட்டவர் இல்லை. கையை நீட்டி வெல்வெட்டின் மேலிருந்த போனை எடுத்தார். மைத்துனன் அமுக்கியதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார். அதே பொத்தான், அதே வரிசை. அழிக்கவா என்று போன் கேட்டது. இடதுபக்கப் பொத்தானை அமுக்கினார்.

அதிகாரியின் வாய் பிளந்தது. அதற்குள் போன் கிணுகிணுத்தது. சம்மதம் வந்துவிட்டது.

இந்த இடத்தில் அதிகாரியைப் பாராட்டத்தான் வேண்டும். குற்றத்தைப் பிற்பாடு விசாரிக்கலாம், வந்த செய்தி வந்ததுதான் என்று தீர்மானித்து, அறுவை அறைக்கு உத்தரவு அனுப்ப உட்கார்ந்தார். அறுவை அறை நடைவழிக்கு அந்தப் பக்கம் இருந்தது. இங்கிருந்து கூப்பிட்டால் கேட்கும். அவர் இடது கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாக அமுக்கினார். ஒரு எழுத்து தாண்டிப் போயிற்று, திரும்ப வந்தார். தையல்காரர் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பிடித்து அமுக்கிவிடலாமா என்று இருந்தது. கடைசியில் அனுப்பினார். அதே ஜன்னல் கம்பியின் மறுமுனையில், கதவுக்கு அந்தப் பக்கம், டாக்டரின் போன் கிணுகிணுக்கும் சத்தம் இவர்கள் காதிலேயே விழுந்தது. தள்ளுவண்டி உருண்டு உள்ளே போயிற்று. கதவு மூடிக்கொண்டது.

உடனே பெயிண்டரை வட்டத்துக்கு அனுப்பினார்கள். சம்மதத்துக்கு நன்றி என்று ஒன்று, சம்மதம் ஏற்கப்பட்டது என்று ஒன்று, உறவினர்கள் அமைதி காக்கவும் என்று ஒன்று. மூன்று செய்தி, மூன்று இடம். அதோடு நிற்கவில்லை. விசாரணைக்கு உடனே வரவும் என்று இன்னொன்று வந்தது. திரும்பி வந்தபோது அவனிடம் அந்தப் பெண்ணின் செய்தி இரண்டுதான் மிச்சம். "இதோட நின்னுடும்ல மாமா?" என்று கேட்டான். நின்றுவிடும் என்று தையல்காரர் சொன்னார், தெரியாமல்தான்.

உடனே வரச் சொன்னவர்கள் வாசலில் ஒரு மணி நேரம் காக்க வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். இயக்குநரின் அறை குளுகுளுவென்று இருந்தது. நாலு பக்கமும் கண்ணாடி ஜன்னல். நேர் எதிரே செல்போன் கோபுரம். அந்த அறையில் சிக்னல் வழிந்தது. இயக்குநர் கோபக்காரர் இல்லை. அடிபட்டவர் போல் உட்கார்ந்திருந்தார்.

"எந்தச் செய்தியை அழிச்சீங்க?" என்று கேட்டார்.

"தெரியலைங்க ஐயா. மேல இருந்ததை."

"படிச்சுப் பார்த்தீங்களா, அழிக்கறதுக்கு முன்னாடி?"

"இல்லைங்க. என் சம்சாரம்…"

"யாரும் படிக்கிறதில்ல" என்றார் இயக்குநர். ஜன்னல் பக்கம் ஒரு நிமிஷம் திரும்பிக்கொண்டார். அப்புறம் தொண்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். அறையில் இருந்தது தையல்காரரும் பெயிண்டரும் செய்தி அதிகாரியும்தான் என்றாலும், பேச ஆரம்பித்ததும் அவருக்கு ஒரு மைதானமே எதிரில் தெரிந்திருக்க வேண்டும்.

"இந்தக் கட்டடத்துக்கு நான் வந்தப்போ என்ன நிலைமை தெரியுமா? எல்லாரும் பேசிக்கிட்டிருந்தாங்க. எப்படி இருக்கா, பிழைப்பாளான்னு டாக்டரோட கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்பாங்க. டாக்டரும் நின்னு பதில் சொல்வார். எவ்வளவு நேரம் வீணாச்சு. நான் அதை நிறுத்தினேன். இப்ப மூணு மாடியிலயும் நடந்து பாருங்க, ஒரு அழுகைச் சத்தம் கேட்குதா? போன வாரம் ஒருத்தர் கெட்ட செய்தி வந்து கத்தினார். ஆனா எங்க கத்தினார்? வட்டத்துல. வட்டம் கட்டடத்துக்கு வெளிய இருக்கு. எங்க கணக்குல வராது. இந்த மருத்துவமனையில நான் சாவை ஒழிக்க முடியல, ஒத்துக்கறேன். ஆனா துக்கத்தை ஒழிச்சிருக்கேன்."

செய்தி அதிகாரி கை தட்டப் போய், கட்டைவிரல் வலித்ததால் மேஜையைத் தட்டினார்.

அந்தச் சமயத்தில் கதவு திறந்தது. டாக்டர் உள்ளே வந்தார். முகமூடி கழுத்தில் தொங்கியது. பச்சை அங்கியில் வயிற்றுப் பக்கம் ஈரமாக இருந்தது. தையல்காரர் எழுந்துவிட்டார்.

"டாக்டர், என் சம்சாரம்?"

டாக்டர் வாயைத் திறந்தார். இயக்குநர் ஒரு சின்ன இருமல் இருமினார். டாக்டர் வாயை மூடிக்கொண்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அமுக்க ஆரம்பித்தார்.

தையல்காரரின் வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரம் இருந்ததில்லை. ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரிந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். களைப்பு மட்டும்தான் இருந்தது. பிழைத்திருந்தாலும் களைப்பாகத்தான் இருக்கும், போய்விட்டாலும் களைப்பாகத்தான் இருக்கும். டக் டக் டக் என்று பொத்தான் சத்தம். நடுவில் டாக்டர் நிறுத்தி உதட்டைக் கடித்தார். அது எழுத்துப் பிழையா, வேறு எதாவதா என்று தையல்காரருக்குத் தெரியவில்லை. அவளுக்கு நல்லதாக ஒரு புடவை எடுத்துக் கொடுத்து எவ்வளவு நாளாயிற்று, ஊர்த் துணியெல்லாம் தைக்கிறோம் என்று கண்டபடி நினைவு ஓடியது.

டாக்டர் அனுப்பினார். பெயிண்டரின் போனில் உறை மின்னியது. அவன் இருந்த இரண்டில் ஒன்றை அழித்தான். கிணுகிணு. உரக்கப் படித்தான்.

"'இயக்குநர் அவர்களின் சீரிய வழிகாட்டுதலின் கீழ் இயங்கும் இம்மருத்துவமனை, தங்கள் உறவினரின் அறுவை சிகிச்சை தொடர்பாக மிகுந்த பொறுப்புடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்…'"

அதோடு நின்றுவிட்டது. ஒரு செய்திக்கு இவ்வளவு எழுத்துதான் கொள்ளும், மிச்சம் அடுத்ததில் வரும் என்று செய்தி அதிகாரி தணிந்த குரலில் விளக்கினார். உறை மறுபடி மின்னியது.

பெயிண்டர் கடைசிச் செய்தியைத் திறந்தான். இதைப் படித்துக்கொண்டிருக்க நேரமில்லை என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் கண் ஒரு தடவை அதன்மேல் ஓடியது.

"மனசுல இருக்கும்ல மாப்ளே" என்றார் தையல்காரர்.

"வார்த்தையெல்லாம் இருக்கு மாமா. எந்த நேரத்துல அனுப்பினாங்கறது இதுலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, பொத்தானை அமுக்கினான்.

கிணுகிணு.

"'குடல்வால் அகற்றப்பட்டது. நோயாளி நலம்.'"

தையல்காரர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பெயிண்டரும் அழுதான், எதற்கு எவ்வளவு என்று அவனுக்கே தெரிந்திருக்காது. டாக்டர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா, டாக்டர் உட்கார்ந்த இடத்துல இருந்தே, எவ்வளவு சீக்கிரம்" என்றார். பிறகு நினைவு வந்தவராக, அழுகை மட்டும் தயவுசெய்து வட்டத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்.

மயக்கம் தெளிந்தபின் வார்டுக்குள் போக விட்டார்கள். அவள் வெளுத்துப்போய், தலையணையில் முகம் சாய்த்துப் படுத்திருந்தாள். கண்ணைத் திறந்து பார்த்தாள். தையல்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, சம்மதம் வாங்குவதற்குள் பட்ட பாட்டையெல்லாம் கொட்டினார். வட்டம், கண்ணாடிப் பெட்டி, தான் கையை நீட்டி அழித்தது, அதிகாரியின் கட்டைவிரல். சொல்லச் சொல்ல அவருக்கே கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. தம்பியின் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டார். இயக்குநரின் இருமலைச் செய்து காட்டியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. தையல் வலித்ததால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

சிரித்து முடித்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் அங்கயேதானே படுத்திருந்தேன்" என்றாள்.

"ஆமா, கதவுகிட்ட."

"நினைவு இருந்துச்சு. வாயும் இருந்துச்சு. அறுக்கலாம், எனக்குச் சம்மதம்னு அந்த டாக்டர்கிட்டச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க பேசாதன்னுட்டீங்க." அவள் குரலில் கோபமில்லை. "என் வயிறுதானே. அங்க இருந்த இத்தனை பேர்ல ஒருத்தருக்காவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலையா?"

தையல்காரர் டாக்டரைச் சொல்லலாமா என்று பார்த்தார், அதிகாரியைச் சொல்லலாமா என்று பார்த்தார். அவர்களுக்காவது ஒரு பலகை இருந்தது. தனக்கு என்ன இருந்தது என்று தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"தோணலம்மா" என்றார்.